ரிவால்வர் தோட்டா உறைகளைப் பிரித்துச் சீர்செய்யும் முறை

குண்டு, வெடிமருந்து, ஊசி பட்டதும் அம்மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உறை என்னும் நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. சுட்ட பிறகு அவற்றில் மறுபடி பயன்படுவது பித்தளை உறை ஒன்றுதான். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர் பலர் இந்த உறைகளைச் சேர்த்து வைத்துத் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்புவதற்கு அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பனைக்கு நிரப்புவதானால் உரிமம் பெற்றாக வேண்டும். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், கீழே சொல்லப்படுபவை யாவும் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. இந்த வழிகாட்டி காலி உறையைப் புதிய பிரைமர் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருவதோடு நின்றுவிடும். எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்பதை மருந்து தயாரிப்பாளர்கள் அச்சிட்டு வெளியிடும் அளவுக் கையேடுகளில் மட்டுமே பார்க்க வேண்டும்.

தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒவ்வொரு முறை சுடும்போதும் உறையை வெளியே வீசிவிடுகிறது. சுடுபவர் புல்லிலும் மணலிலும் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கும். ரிவால்வரில் உறைகள் சிலிண்டர் என்னும் சுழல் உருளையின் அறைகளுக்குள்ளேயே தங்கிவிடுவதால், தள்ளுகோலை அழுத்தினால் ஆறு உறைகளும் உள்ளங்கையிலேயே வந்து விழும். இவ்வாறு தானே சுட்டுத் தானே சேர்த்த உறைகளின் வரலாறு உரியவருக்குத் தெரியும். சுடுகளங்களில் வாளி வாளியாக விற்கப்படும் கலப்பு உறைகளுக்கு அந்த வரலாறு கிடையாது. அவற்றை எத்தனை முறை நிரப்பினார்கள், எவ்வளவு அழுத்தத்தில் சுட்டார்கள் என்பதை உறையின் உடம்பைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பிரித்தெடுக்கும் வேலைக்குப் பொறுமை தேவைப்படுவது இதனால்தான்.

ரிவால்வர் உறையில் மிகுதியாக உழைக்கும் பகுதி அதன் வாய். துப்பாக்கி உதைக்கும்போது, இன்னும் சுடப்படாமல் பக்கத்து அறைகளில் இருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் முன்னோக்கி நழுவப் பார்க்கும். அப்படி ஒரு குண்டு நழுவிச் சிலிண்டரின் முகப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கவே உறையின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்து இறுக்குகிறார்கள். இதற்குக் கிரிம்ப் என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் வாய் விரிக்கப்படுகிறது, மடிக்கப்படுகிறது, வெடிப்பில் மறுபடி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் அது இறுகி ஒடிவதைப் போலவே பித்தளையும் இறுகிப் பிளக்கிறது. ஆகவே பிரிப்பது, சோதிப்பது, நீளம் அளப்பது ஆகிய எல்லாவற்றிலும் வாயையே முதலில் கவனிக்க வேண்டும்.

முதல் பிரிப்பு

கலப்பு வாளியைக் கவிழ்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சுடப்படாத தோட்டாக்களைத் தேடி எடுப்பது. பிரைமரில் ஊசித்தடம் பட்டும் வெடிக்காமல் போன தோட்டாக்கள் காலி உறைகளோடு கலந்து கிடப்பது அபூர்வமல்ல. ஒரேயொரு தோட்டா அப்படிக் கிடைத்தாலும் அதைத் தனியே எடுத்து வைத்து, சுடுகளப் பொறுப்பாளரிடம் ஒப்படைப்பதே சரி. அடுத்து ஒரு சாதாரணக் காந்தத்தை உறைகளின் மேல் ஓட்டினால் எஃகு உறைகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பித்தளை முலாம் பூசிய எஃகு கண்ணை ஏமாற்றினாலும் காந்தத்தை ஏமாற்றாது. அலுமினிய உறைகள் காந்தத்தில் ஒட்டா. அவற்றை மங்கிய சாம்பல் நிறத்தையும், கையில் எடுத்தவுடன் தெரியும் எடைக் குறைவையும் கொண்டு அடையாளம் காணலாம். அவற்றில் சிலவற்றின் அடியில் மறுபடி நிரப்பக் கூடாது என்பதைக் குறிக்கும் என்.ஆர். என்ற எழுத்துகளே பொறிக்கப்பட்டிருக்கும். எஃகையும் அலுமினியத்தையும் ஒதுக்கிவிட்டுப் பித்தளையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவுவாரியாகப் பிரிக்கும்போது கண்ணை நம்ப வேண்டாம். அடியில் பொறித்திருக்கும் முத்திரையைப் படிக்க வேண்டும். மிக அதிகமாகக் குழம்புவது .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்னும் இரு ரிவால்வர் தோட்டா வகைகள்தான். 1898இல் வந்த .38 ஸ்பெஷலின் உறை அதிகபட்சம் 1.155 அங்குல நீளமுடையது. 1935இல் வந்த .357 மேக்னத்தின் உறை 1.290 அங்குலம். அடி, விளிம்பு, குண்டின் விட்டம் எல்லாம் ஒன்றே. வேறுபாடு நீளத்தில் உள்ள சுமார் மூன்றரை மில்லிமீட்டர்தான். மேக்னத்தைப் பழைய .38 ரிவால்வர்களின் அறைக்குள் நுழைய முடியாதபடி செய்வதற்காகவே அந்தக் கூடுதல் நீளம் வைக்கப்பட்டது. அமெரிக்கத் தரநிலைப்படி .38 ஸ்பெஷலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டு. .38 உறையில் மேக்னம் அளவு மருந்து போய்ச் சேர்ந்தால், அந்தத் தோட்டா எந்தத் தடையுமின்றி ஒரு சாதாரண .38 ரிவால்வருக்குள் ஏறிவிடும். அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. .44 ஸ்பெஷல், .44 மேக்னம் ஆகியவற்றுக்கும் இதே உறவுதான்: முன்னது 1.160 அங்குலம், பின்னது 1.285 அங்குலம். ஒரு பலகையில் இவற்றை வாய் மேல்நோக்கி நிற்க வைத்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் கலந்து நிற்கும் குட்டையும் நெட்டையும் உடனே தெரிந்துவிடும்.

பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் இன்னொன்று உண்டு. முத்திரையில் .38 எஸ் அண்ட் டபிள்யூ என்றிருக்கும் உறை, .38 ஸ்பெஷலின் குட்டை வடிவம் அல்ல. அது சற்றே பருமனானது, அதன் குண்டும் பெரியது. அதைத் தனிப் பெட்டியில் இட வேண்டும். .45 ஏ.சி.பி. என்னும் தோட்டா தானியங்கித் துப்பாக்கிக்காகப் பிறந்ததென்றாலும், தகட்டு வளையத்தில் கோத்து ரிவால்வரிலும் சுடுவோர் இருப்பதால் அதுவும் வாளியில் வந்து சேரும். அதில் பெரிய பிரைமர் பொருந்தும் உறையும் சிறிய பிரைமர் பொருந்தும் உறையும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும். பெரியது 0.210 அங்குல விட்டம், சிறியது 0.175 அங்குலம். இரண்டும் கலந்தால் பிரைமர் பொருத்தும் கட்டத்தில் நெம்புகோல் திடீரென மறுக்கும்போதுதான் தவறு தெரியவரும், அது தெரிந்துகொள்ள ஏற்ற தருணம் அல்ல.

அளவு பிரித்தபின் தயாரிப்பாளர் முத்திரைப்படி மறுபடி பிரிக்க வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பொழுதுபோக்காகத் தகரக் குவளைகளைச் சுடுபவருக்கு அது வீண்வேலை. போட்டிக்குச் சுடுபவரும், உச்ச அழுத்தத்துக்கு அருகே நிரப்புபவரும் அதைத் தவிர்க்கக் கூடாது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சுவரின் தடிமன் மாறும். தடிமன் மாறினால் குண்டைப் பற்றும் இறுக்கமும் உள்ளிருக்கும் கொள்ளளவும் மாறும். எப்படியிருந்தாலும் இரண்டு வகை உறைகளை எல்லோருமே தனியாக வைப்பது நல்லது. முதலாவது, நிக்கல் முலாம் பூசியவை. தோல் இடுப்புப்பட்டையில் நாட்கணக்கில் செருகியிருக்கும் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறாமலிருக்கக் காவல்துறைப் பயன்பாட்டுக்கு விரும்பி வாங்கப்பட்டவை இவை. பார்க்க அழகு, துடைக்க எளிது. ஆனால் சாதாரணப் பித்தளையைவிடச் சீக்கிரம் வாய் பிளக்கும், முலாம் உரிந்து, உறையை அழுத்திச் சீராக்கும் டை என்னும் அச்சைக் கீறவும் கூடும். இரண்டாவது, உடம்பின் நடுவே ஒன்றிரண்டு வரிப்பள்ளங்கள் உருட்டப்பட்ட .38 ஸ்பெஷல் உறைகள். முழு உடலும் உறைக்குள் மறையும் தட்டைமூக்குக் குண்டுகளுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் இவற்றின் சுவர் வெகு ஆழம் வரை மெல்லியதாகவே இருக்கும். அத்தகைய குண்டைச் சாதாரண உறையில் அழுத்தினால், தடித்த சுவர் குண்டின் அடியை நசுக்கும் அல்லது உறை வெளியே புடைக்கும். இலக்குப் பயிற்சியாளர்களுக்கு இவை தேடினாலும் கிடைக்காத சரக்கு. வாளியில் கண்டால் விடாதீர்கள்.

கண்ணாலும் காதாலும் சோதித்தல்

நல்ல வெளிச்சத்தில், வேண்டுமானால் பூதக்கண்ணாடியோடு, ஒவ்வோர் உறையையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்க்க வேண்டும். வாயில் மயிரிழைப் பிளவு இருந்தால் அந்த உறைக்கு வாழ்வு முடிந்தது. பிளவு மிகச் சிறிதாயினும், அடுத்த தடவை வாயை விரிக்கும்போது அது நீளும். நீளாவிட்டாலும் அந்த உறை குண்டை மற்றவற்றைப் போல இறுகப் பற்றாது. அடுத்து உடம்பில் நெடுக்காக ஓடும் கீறல், அடிக்குச் சற்று மேலே சுற்றியோடும் பளபளப்பான வளையம், ஒருபக்கப் புடைப்பு, பிரைமரைச் சுற்றிக் கரும்புகை கசிந்த தடம், ஆழமாக அரித்த களிம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றில் எது இருந்தாலும் கழித்துவிட வேண்டும். அடிவளையம் குறைந்த அழுத்த .38 உறைகளில் அரிது. பலமுறை முழு அழுத்தத்தில் சுட்ட மேக்னம் உறைகளில் வரலாம். ஐயமிருந்தால் மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கிபோல் வளைத்து உட்சுவரில் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். சுவர் மெலிந்த இடத்தில் கம்பி தட்டி நிற்கும். பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தால் அது உறையின் குறையல்ல, முன்பு அதிக அழுத்தத்தில் சுட்டதற்கான சாட்சி. அந்தத் தொகுதி முழுவதையும் இரண்டாம் முறை சோதிப்பது நல்லது.

மண்பானை வாங்கப் போனால் விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால் வாங்குவதும், ஓட்டை ஒலி கேட்டால் திருப்பி வைப்பதும் நாம் அறிந்த வழக்கம். பித்தளை உறைக்கும் அதே சோதனை பொருந்தும். நான்கைந்து உறைகளை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினால், நல்லவை மணிபோல் ஒலிக்கும். பிளந்தது ஒன்று இடையில் இருந்தால் ஒலி மழுங்கும். கண்ணுக்குத் தப்பிய பிளவு காதுக்குத் தப்பாமல் சிக்குவதைப் பலமுறை காணலாம். கூடவே ஒவ்வோர் உறையின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பதை மறக்க வேண்டாம். மண், சிறு பூச்சிக்கூடு, ஒரு .22 உறை என எதுவும் உள்ளே ஒளிந்திருக்கலாம்.

பிரைமரின் வகையையும் இக்கட்டத்திலேயே பார்த்துவிடுவது உத்தமம். உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் பாக்ஸர் வகையில் நடுவே ஒரே துளை தெரியும். பெர்டான் வகையில் சிறிய துளைகள் இரண்டு பக்கம் பக்கமாக இருக்கும். பெர்டான் உறையை வழக்கமான டையில் இட்டால், பழைய பிரைமரைத் தள்ளும் நடு ஊசி துளையைக் காணாமல் மோதி வளையும். இவற்றை உருவாக்கியவர்களில் பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். இன்று அமெரிக்கத் தோட்டாக்களில் ஆங்கிலேயரின் முறையும் ஐரோப்பியப் படைத் தோட்டாக்கள் பலவற்றில் அமெரிக்கரின் முறையும் நிலைத்துவிட்டது ஒரு வேடிக்கை.

தூய்மை செய்தல்

இந்தக் கட்டத்தில் மெய்யான ஆபத்து ஈயம். வழக்கமான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச் சேர்மம் இருக்கிறது. அது எரிந்தபின் எஞ்சும் நுண்தூள் உறையின் உள்ளும் பிரைமர்க் குழியிலும் படிந்திருக்கும். எனவே சுட்ட உறைகளைக் கையாளும்போது உண்பதும் குடிப்பதும் கூடாது. சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

உறைகளைத் தூய்மை செய்யும் கருவியை டம்ளர் என்கிறார்கள். நம் வீட்டுக் காப்பிக் குவளையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது உருட்டியோ அதிர்ந்தோ வேலை செய்யும் பாத்திரம். உலர்முறையில் பொடித்த வால்நட் ஓடு அல்லது மக்காச்சோளத் தக்கையோடு உறைகளை இட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரம் அதிர விட வேண்டும். வேலை எளிது, ஆனால் மூடியைத் திறக்கும்போது எழும் தூசியில் ஈயம் உண்டு. ஈரமான காகிதத் துண்டுகளைச் சிலவற்றை உள்ளே போட்டால் தூசி அவற்றில் ஒட்டிக்கொள்ளும். சலிப்பதை வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டும். நீர்முறையில் தண்ணீர், சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு, ஓர் உறை கொள்ளுமளவு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இவற்றோடு மெல்லிய துருவேறா எஃகு ஊசிகளைச் சேர்த்து உருட்டுகிறார்கள். தூசி பறக்காது, பிரைமர்க் குழி உட்பட எல்லாம் பளபளக்கும் என்பதால் என் ஓட்டு இதற்கே. கழுவிய கறுப்பு நீரில் ஈயம் இருப்பதால் அதைத் தோட்டச் செடிக்கு ஊற்றக் கூடாது.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த அனுபவம் உள்ளவருக்கு எலுமிச்சை உப்பின் வேலை புதிதல்ல. அமிலம் மேற்பரப்பின் கறையைக் கரைத்து உலோகத்தை வெளிக்காட்டுகிறது. ஆனால் புளியிலேயே ஊறவிட்ட விளக்கு செம்புநிறம் காட்டுவதுபோல், அளவு மீறினால் உறையும் இளஞ்சிவப்பாக மாறும். தோட்டாப் பித்தளை ஏறக்குறைய 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதில் துத்தநாகம் வெளியேறிவிட்டதன் அறிகுறி அந்த நிறம்.

அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷ்களை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. இந்தப் பாடம் நம் நாட்டிலேயே கற்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் மழைக்காலத்தில் படை நடவடிக்கை குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகள் தாமாகவே விரிசல் விட்டிருந்தன, அதுவும் குறிப்பாகக் குண்டைப் பிடித்து மடித்த வாய்ப்பகுதியில். பருவகாலத்தோடு சேர்த்து அதற்குப் பருவ விரிசல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரிட்டார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், உலோகத்தில் உறைந்திருந்த இழுவிசையும் சேர்ந்தே அதை விளைவித்தன என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. கிரிம்ப் பட்ட வாயில் அதே இழுவிசை இன்றும் உறைந்திருக்கிறது.

கழுவியவற்றைத் துண்டில் உருட்டித் துடைத்து, வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ உலர்த்தினால் போதும். அடுப்பில் வைப்பவர்கள் உணவு சமைக்கும் அடுப்பைத் தவிர்க்க வேண்டும், 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. உறையின் அடி கெட்டியாக இருப்பதுதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. அதைப் பெருஞ்சூட்டில் மென்மையாக்கிவிட்டால் உறை அபாயமானதாகிவிடும்.

பிரைமர் நீக்கி அளவுக்குக் கொண்டுவருதல்

உறையைக் கழுவுவதற்கு முன்பே பழைய பிரைமரைத் தனி டை ஒன்றால் தட்டிவிட்டால் குழியும் சுத்தமாகும். உலர்முறையைப் பின்பற்றுபவர்கள் பிரைமரை நீக்கிவிட்டு உருட்டினால் ஓட்டுத் துகள் துளையில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் குத்தி நீக்க வேண்டிவரும்.

சுடும்போது உறை விரிந்து அறைச் சுவரோடு ஒட்டும்; அதை மறுபடி சுருக்குவதே அளவிடும் டையின் வேலை. ரிவால்வர் உறைகள் நேர்ச்சுவர் கொண்டவை என்பதால் கார்பைடு வளையம் பதித்த டைகள் பொருந்தும், எண்ணெய் பூச வேண்டியதில்லை. வெறும் எஃகு டையில் எண்ணெயில்லாமல் இட்டால் உறை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கார்பைடு வளையம் கண்ணாடிபோல் கடினமானது, கண்ணாடிபோலவே உடையக்கூடியது. எனவே உறையைப் பிடிக்கும் தட்டின் மேல் அது மோதாதவாறு காகிதத் தடிமன் இடைவெளி விட்டு டையைப் பொருத்த வேண்டும்.

ரைஃபிள் உறைகளை வெட்டி நீளம் குறைக்கும் வேலை பெரிது. ரிவால்வர் உறைகள் அப்படி வளர்வதில்லை, குறைந்த அழுத்தத்தில் சுட்டவை சற்றே குறுகுவதும் உண்டு. தோட்டா தன் விளிம்பில் தங்குவதால் அறைக்குள் அது உட்காரும் இடத்தையும் உறையின் நீளம் முடிவு செய்வதில்லை. அப்படியானால் ஏன் அளக்க வேண்டும்? கிரிம்புக்காக. டை ஒரே உயரத்தில் நிற்கிறது. நீண்ட உறை அதில் அதிகம் மடியும், குட்டையானது குறைவாக மடியும். அதிகம் மடிந்தது கிரிம்புக்குக் கீழே புடைத்து அறைக்குள் நுழைய மறுக்கும், குறைவாக மடிந்ததன் குண்டு உதைப்பில் நழுவும். டிஜிட்டல் காலிப்பரால் ஐம்பது உறைகளை அளந்து பார்த்தால் எந்த வேலை தேவை என்பது தெரிந்துவிடும். .38 ஸ்பெஷலை 1.145 அங்குலத்துக்கும் .357 மேக்னத்தை 1.280 அங்குலத்துக்கும் வெட்டுவது வழக்கம். வெட்ட மனமில்லாதவர்கள் நீளவாரியாகக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் டையைத் திருத்திக்கொள்ளலாம், மென்மையாகச் சுடும் .38 இலக்குத் தோட்டாக்களுக்கு அதுவே போதும். வெட்டியபின் வாயின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் எழும் பிசிறைச் சிறு கருவியால் லேசாகத் திருகி நீக்க வேண்டும். கத்தி முனைபோல் கூர்மையாக்கக் கூடாது.

அடுத்து வாயை விரித்தல். ஈயக் குண்டின் அடி சீவப்படாமல் உள்ளே இறங்கும் அளவுக்கு மட்டும் வாயின் நுனி மலர்ந்தால் போதும். பூப்போல் விரித்தால் அது அடுத்த பிளவுக்கு நாமே இட்ட விதை. நீர்முறையில் பளிங்குபோல் கழுவிய உறைகள் விரிப்பானில் கரகரவென்று ஒட்டி இழுப்பதுண்டு. உள்வாயில் துணியால் மிகச் சிறிது மசகைத் தொட்டால் அந்த ஒட்டல் நிற்கும், ஆனால் மசகைப் பிறகு துடைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் பிரைமரில்லாத காலி உறையைக் காலி ரிவால்வரின் ஒவ்வோர் அறையிலும் இட்டுப் பாருங்கள். தன் எடையாலேயே முழுவதும் இறங்கி, கவிழ்த்தால் தானே விழ வேண்டும். ஏதேனும் ஓர் அறையில் மட்டும் சிக்கினால் குற்றம் உறையில் இல்லாமல் அறையில் இருக்கலாம்: .357 ரிவால்வரில் வெகுநாள் .38 சுட்டவர்களின் அறையில், குட்டை உறையின் வாய் முடியும் இடத்துக்கு முன்னே கரியும் ஈயமும் வளையமாக இறுகியிருக்கும். அதைத் தூரிகையால் தேய்த்து நீக்கிவிட்டு மறுபடி முயல வேண்டும்.

சீர்செய்தவற்றை மூடியுள்ள, காற்றீரம் புகாத டப்பாக்களில் அளவு கலவாமல் வைத்து, மேலே அளவு, முத்திரை, எத்தனை முறை சுட்டது, நீளம் அளந்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். ஐம்பது ஐம்பதாக ஒரே தொகுதியாக வைத்துச் சேர்ந்தே சுட்டு, சேர்ந்தே கழுவினால், ஒன்றிரண்டு வாய்கள் பிளக்கத் தொடங்கும்போதே மற்றவற்றின் வயதும் தெரிந்துவிடும். கழித்தவற்றின் வாயைக் குறடால் நசுக்கிய பின்னரே பழைய பித்தளைக்குப் போடுங்கள். நசுக்காமல் போட்டவை எப்படியோ மறுபடியும் நல்ல வாளிக்குத் திரும்பிவிடுகின்றன.